அம்மாவின் இலையில் இல்லாதவை

முடக்கத்தான் கீரையை அம்மியில் வைத்து நசுக்கும்போது கிளம்புகிற அந்தப் பச்சை வாடை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. மலாய் நாட்டில், காஜா பேராங் என்ற ஊரில் எங்கள் வீட்டு வேலி முழுக்க அந்தக் கொடிதான் படர்ந்து கிடந்தது. அம்மாவின் முழங்கால் வலிக்கு அதுதான் மருந்து என்று அத்தை முடிவு செய்த நாளிலிருந்து, நாங்களெல்லாம் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட, அம்மா மட்டும் அந்தக் கசப்பு ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அத்தை, அப்பாவின் அக்காள். கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கியவர், வந்த வாரமே அடுக்களை அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்பாவுக்குத் தெருமுனையில் சாப்பாட்டுக் கடை. அங்கே விடிந்ததும் வார்க்கிற தோசைக்கெல்லாம் அம்மாதான் பிற்பகல் முழுக்க வீட்டு ஆட்டுக்கல்லின் முன் காலை மடக்கி உட்கார்ந்து மாவு ஆட்டுவாள். ஆட்டி முடித்துச் சுவரைப் பிடித்து எழும்போது அவள் முட்டி 'கடக்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் அம்மா என்ன சாப்பிட்டாள் என்றுதான் விசாரித்தார்கள். என்ன வேலை செய்தாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"வாயக் கட்டு பாக்கியம், வலி தானாப் போயிரும்" என்பது அத்தையின் வாக்கு. முதலில் உருளைக்கிழங்கு போயிற்று, அது 'வாயு'. பிறகு வாழைக்காய், பருப்பு, புளி, கத்தரிக்காய். உளுந்தும் வாயுவாம். ஊருக்கே உளுந்து ஆட்டுகிறவள் அதில் ஒரு தோசை சாப்பிடக்கூடாது. அதே அத்தைதான் நான் பெரியவளானபோது இடுப்புக்குப் பலம் என்று உளுந்தங்களி கிண்டி என் வாயில் திணித்தார். என் இடுப்பில் பலமாகிற உளுந்து அம்மாவின் முட்டியில் மட்டும் எப்படி வாயுவாகும் என்று கேட்டதற்கு, 'வாயாடி' என்ற பட்டம்தான் கிடைத்தது.

அத்தையோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட செட்டி வீட்டு அம்மாள் ஒருவர் இருந்தார். எங்களைப் போலவே திருநீறு பூசுவார், ஆனால் பேசுவதெல்லாம் மலாய். அவரை, மூத்த பெண்களை மலாயில் அழைப்பதுபோல, 'பீபிக்' என்போம். அம்மா நொண்டுவதைப் பார்த்துப் பாவப்பட்டு, 'கங்கோங்' கீரை தின்றால் கால் சோர்ந்துபோகும், வெள்ளரியும் இளநீரும் குளிர்ச்சி, தொடவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பசாரில் காய்கறி விற்ற சீனர் தன் பங்குக்கு, 'தாவ்கே' என்கிற முளைப்பயறும் மூங்கில் குருத்தும் உடம்பில் காற்றை ஏற்றும் என்றார். அத்தை எல்லாவற்றையும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு வந்து அமல்படுத்தினார். சுதந்திரம் வரப்போகிறது, எல்லா இனமும் ஒன்றுபட வேண்டும் என்று திடல்தோறும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மற்ற இடங்களில் எப்படியோ, என் அம்மாவின் தட்டில் எல்லா இனமும் ஒற்றுமையாகத்தான் கைவைத்தன.

மிஞ்சியது சோறு, கசப்பு ரசம், சுட்ட பூண்டு, எப்போதாவது முருங்கைக்கீரை. அம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறத் தொடங்கியது. வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அது குறையாதபோதெல்லாம் அம்மா எதையோ திருட்டுத்தனமாகத் தின்றிருப்பாள் என்று அத்தைக்குச் சந்தேகம் வரும், இன்னொரு காயின் பெயர் அடிபடும்.

சுதந்திரக் கொண்டாட்ட வாரத்தில் கடையில் கூட்டம் தாங்கவில்லை. அம்மா காலையிலும் ஆட்டினாள், மாலையிலும் ஆட்டினாள். ஒருநாள் ஆட்டுக்கல்லை விட்டு அவளால் எழவே முடியவில்லை. அப்பாவும் கடை ஆளும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக் 'காடி' என்கிற மோட்டார் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். முட்டியை அழுத்திப் பார்த்தார், அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். "முழங்கால் தேஞ்சு போச்சு. இவவுக்கு ஒரு பத்தியமும் வேண்டாம். மீன், முட்டை, பால், எல்லாம் நல்லாச் சாப்பிடட்டும். காலை மடக்கி இருந்து மா அரைக்கிறதை மட்டும் நிப்பாட்டுங்கோ."

அப்பா பணிவாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னவென்று கேட்க, அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "டாக்டரும் சாப்பாட்டப் பாத்துக்கணும்னுதான் சொல்றாரு."

அப்பா சொன்னதைப் பொய் என்று சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். நான் விடவில்லை. டாக்டர் சொன்னதை வார்த்தை மாறாமல் நடுக்கூடத்தில் நின்று ஒப்பித்தேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப கடைக்கு மாவு நீ ஆட்டுறியா?"

நான் ஆட்டுகிறேன் என்று வாயெடுக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். "நானே ஆட்டிக்கிறேன் அண்ணி. புள்ள படிக்கட்டும்."

அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே அம்மா பத்தியம் இருந்தாள். அந்த வீட்டில் அவளுக்குச் செய்ய எல்லாரும் சம்மதித்த ஒரே வைத்தியம் அதுதான். ஆட்டுக்கல்லும் நிற்கவில்லை. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன வருடம் சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்தது. அதைத் தாங்கக்கூட அவள் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை, போய்விட்டாள்.

கருமாதியன்று, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலைபோட்டுப் படைப்பது எங்கள் வழக்கம். அடுப்பை மூட்டிவிட்டு அத்தை அப்பாவிடம் கேட்டார்: "அவளுக்கு என்னதான்டா புடிக்கும்?" அப்பா என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"எதெல்லாம் வேணாம்னு சொன்னீங்களோ, அதெல்லாம் வைங்க" என்றேன்.

வைத்தார்கள். உருளைக்கிழங்குப் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, வாழைக்காய், உளுந்து வடை. பீபிக் கங்கோங் கீரையைத் தன் கையாலேயே வதக்கிக் கொண்டுவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையோரத்தில் வைத்தார். அம்மா உயிரோடு இருந்தபோது அவ்வளவு நிறைந்த இலை முன் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கூரையில் வைத்தோம். காக்கை வந்து முதலில் உருளைக்கிழங்கைக் கொத்தியது. "பாக்கியத்துக்கு உருளைக்கிழங்குதான் ஆசை போல" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அது நடிப்பில்லை, உண்மையான அழுகைதான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

அந்த வீடும் கடையும் இப்போது இல்லை. முடக்கத்தான் வேலி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. கீரையையே பொடியாக்கிப் பாக்கெட்டில் விற்கிறார்கள். இப்போது என் முட்டியும் 'கடக்' என்கிறது. எடையைக் குறை, நட, மீனும் காய்கறியும் நன்றாகச் சாப்பிடு, தரையில் மடக்கி உட்காராதே என்று டாக்டர் சொல்கிறார். ஏறக்குறைய அந்த யாழ்ப்பாணத்து டாக்டர் அன்று சொன்னதுதான்.

போன வாரம் என் மகள் கைப்பேசியில் எதையோ படித்துவிட்டு, பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள். "அம்மா, கத்தரிக்கா மூட்டுக்கு ஆகாதாம்."

நான் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். ருசியாகத்தான் இருந்தது. என் அம்மாவுக்குக் கத்தரிக்காய் பிடிக்குமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.