ஒட்டும் உறவும் இல்லாத ஃபுல்பேக்

இராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போன சங்கதி, இங்கே யாருக்கும் பெயர் இல்லை என்பதுதான். பஞ்சாலைச் சங்கு ஊதியதும் வாசலில் திரளும் கூட்டத்தில் காதைக் கொடுத்தால் மாமா, மச்சான், சித்தப்பா, மாப்ளே என்றுதான் கேட்கும். டைம்கீப்பர் வேலை பார்க்கிற நான் ஆளை அடையாளம் வைக்கத் தவித்துப் போனேன். ரங்கூனிலும் இப்படி உண்டே என்று என்னோடு கப்பலேறி வந்தவர்கள் கேட்பீர்கள். உண்டுதான். பர்மாக்காரன் முன்பின் தெரியாதவனையும் 'கோ' என்று அண்ணனாக்கி விடுவான். என்னைக் 'கோ சாமு' என்றார்கள். கோபம் வந்த அன்று 'கலா', அதாவது அந்நியன், என்று துரத்தினார்கள். அங்கே அண்ணன் என்பது வாய் உபசாரம். இங்கே மாமா என்றால் அவர் நிஜமாகவே மாமா. சந்தேகமாகக் கேட்டால் மூன்று தலைமுறையை நிற்க வைத்துச் சொல்லுவார்கள். எனக்கு எந்த முறையும் அகப்படாததால் 'ரங்கூன் சார்' என்று வைத்துவிட்டார்கள்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழ ஆரம்பித்ததும் எங்களையெல்லாம் "ஊருக்குப் போங்கள்" என்றார்கள் அல்லவா? எந்த ஊருக்கு என்று யாரும் சொல்லவில்லை. என் அப்பா மிஷன் விடுதியில் வளர்ந்த அநாதை. தன் சொந்த ஊர் எது என்று அவருக்கே தெரியாது. தெரியாமலே ரங்கூன் கல்லறையில் படுத்துவிட்டார். அதே விடுதியில் அநாதையாக வளர்ந்த அம்மாவும் நானும் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி விழித்துக்கொண்டு நின்றோம். ஒரு பாதிரியார் தயவில் இந்த ஆலையில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஒவ்வொரு பாயிலும் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். எந்தப் பாயில் உட்காருவது என்று தெரியாமல் நாங்கள் இருவரும் தூணோரம் நிற்போம். அந்தத் தூணோரத்தில்தான் எனக்கு ஃபுட்பால் கிளப் யோசனை வந்தது. ரங்கூனில் மாலை ஆனால் சந்துக்குச் சந்து பந்து உருளும். நான் பெரிய ஆட்டக்காரன் அல்ல, எப்போதும் கோட்டுக்கு வெளியே நின்றவன். ஆனால் பதினோரு பேரைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்கு நடுவில் எனக்கும் ஓர் இடம் இருக்குமே என்று பட்டது.

மதுரைக்குப் போய்ப் பந்து வாங்கி வந்தேன். வற்றிக் கிடந்த கண்மாயில் கருவேல முள்ளைச் செதுக்கிவிட்டுக் கோல் கம்பத்துக்கு மூங்கில் நட்டோம். ஆலைப் பையன்கள் வெறுங்காலோடு பறந்தார்கள். அவர்களில் தங்கராசு என்ற நூற்புக்காரன்தான் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஃபுல்பேக். அவனைத் தாண்டி ஒரு பயல் போக முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பையன்களுக்குச் சொல்லியனுப்பினோம். பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய முன்னணி ஆள் செல்லையா, கோர்ட்டு குமாஸ்தா. அவன் பந்தோடு வந்தான். தங்கராசு கதவைத் திறந்து விடுகிறவன்போல ஒதுங்கி நின்றான். கோல். மறுபடி வந்தான், மறுபடி ஒதுங்கினான், மறுபடி கோல். அட கர்த்தாவே, எனக்குத் தலை சுற்றியது.

ஆட்டம் முடிந்ததும் பிடித்துக் கேட்டேன். "ஏன் தங்கராசு, பந்து உன் காலடியிலேயே வந்ததே?"

"அவிய எங்க அக்கா வீட்டுக்காரகல்லா சார். பொண்ணு குடுத்த வீட்டுக்காரன் நான். அத்தான் மேல என் காலு படலாமா?"

"ஆட்டத்துல அத்தான் எங்கே இருக்கார்?"

"ஆட்டம் முடிஞ்ச பொறவு இருக்காகளே! எங்க அக்கா அங்கன பொழைக்கணும்லா."

சரி, வேறு ஆளை நிறுத்துவோம் என்று பார்த்தால் ஒருத்தன் செல்லையாவுக்கு மருமகன் முறை, ஒருத்தன் வீட்டுப் பெண்ணைச் செல்லையா வீட்டில் எடுக்கப் பேச்சு நடக்கிறது. பதினோரு பேரும் ஏதோ ஒரு வழியில் எதிர்க்கட்சிக்குச் சொந்தம். கடைசியில் தங்கராசுதான் முகம் மலர்ந்து சொன்னான். "சார், உங்களுக்குத்தான் ஒட்டும் கெடையாது, உறவும் கெடையாது. நீங்க நில்லுங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நின்றேன். அடுத்த ஆட்டத்தில் செல்லையா வந்த வேகத்துக்குக் காலை நீட்டினேன். குப்புற விழுந்தான். புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "ஆத்தாடி, யாருய்யா இது?" என்றான்.

"அவிய ரங்கூன்காரக அத்தான். கோவிச்சுக்கிடாதீக, அவியளுக்கு முறைகிறை ஒண்ணுங் கெடையாது" என்று தங்கராசு சமாதானம் சொன்னான்.

அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம். அதற்குப் பிறகும் ஜெயித்தோம். "விடாதீக ரங்கூன் சார்!" என்று கண்மாய்க் கரையே கத்தும். ஆயுளில் முதன்முறையாகக் கோட்டுக்கு உள்ளே நின்றேன். யாருக்கும் சொந்தமில்லாததற்காக ஓர் ஊர் என்னைக் கொண்டாடுகிறதே, இது சந்தோஷப்பட வேண்டிய விஷயமா என்றுதான் இன்றுவரை விளங்கவில்லை.

அந்தச் செல்லையாவே ஒருநாள் வீடு தேடி வந்து, தன் தங்கை எஸ்தரை எனக்குக் கொடுப்பதாகச் சொன்னான். தன்னை விழத் தட்டினவன் என்று என்னை அவனுக்குப் பிடித்துப்போயிற்றாம்! எஸ்தரை ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோயிலில் பார்த்தேன். எனக்கும் பிடித்தது, பொய் சொல்வானேன். அம்மா அழுதுவிட்டாள். "நான் செத்தா தூக்க நாலு பேராவது வேணும்லா ராசா" என்றாள். ஆனால் கிளப்பில் இழவு விழுந்த மாதிரி ஆயிற்று. "இனிமே அத்தானை யாரு தடுக்க? கல்யாணத்தைக் கண்மாயில தண்ணி வந்து ஆட்டம் நின்ன பொறவு வச்சுக்கிட்டா என்ன?" என்று தங்கராசு முனகினான். அதே மூச்சில், "இனிமே நீங்க எனக்கு அண்ணன் முறை" என்றும் சொன்னான். அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டபோது நெஞ்சு நிறைந்தது. ஃபுல்பேக் இடம் போய்விடுமோ என்று அதே நெஞ்சு அடித்துக்கொண்டது.

இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று கோயிலில் முதல் ஓலை வாசித்தாயிற்று. அந்த வாரச் சனிக்கிழமை, மழைக்கு முந்தின கடைசி ஆட்டம். பக்கத்துக்கொரு கோல் போட்டுச் சமமாக நின்றோம். செல்லையா பந்தோடு என்னை நோக்கி வந்தான். தட்டிவிடுவது, பெண் போனாலும் போகட்டும் என்று ஓர் அடி வைத்தேன். ஐயோ, எஸ்தர் என்று அடுத்த அடியில் கால் பின்வாங்கியது. அதற்குள் அவன் கிட்டே வந்துவிட்டான். வந்தவன் சட்டென்று நின்றான். பந்தை என் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டு ஒதுங்கினான்.

"எடுத்துக்கிடுங்க மாப்ளே" என்றான்.

அப்போதுதான் உறைத்தது. இந்த முறை பெண் கொடுக்கிறவன் அவன். என் மேல் அவன் கால் படக்கூடாது.

"அடிங்கண்ணே!" என்று தங்கராசு கத்தினான். எதிர்க் கரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களும், "எங்க மாப்பிள்ளையப் பாருங்கலே!" என்று கை தட்டினார்கள். தடுக்க ஒருவரும் வரவில்லை. பந்து என் காலடியில் கிடந்தது. எந்தப் பக்கம் உதைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.