முதலாம் கருத்தும் சேமக்காலைக் கேற்றும்

1. ஒரு கோல்

காலைத் தேநீர் ஆறுவதற்குள் ஃபோனில் ஜெயராஜின் கோல் வந்தது.

"ரீச்சர், ஞானஸ்நானம் எடுக்காத சின்னப்புள்ள செத்தா அதிட நிலைமை என்ன? உங்கட பெரிய செற்ல என்ன போட்டிரிக்கு? கொஞ்சம் பார்த்துச் சொல்லுவீங்களா?"

ஜெயராஜ் என்னிடம் படித்தவன். வாவிக் கரையில் உள்ள ஒரு சிறு சபைக்குப் பொறுப்பாக இருந்தான். குருப்பட்டம் தருகிற ஓர்டினேசன் இன்னும் ஆகவில்லை. நான் இறையியல் கல்லூரியில் நீண்டகாலம் முறைமை இறையியல் படிப்பித்து ஓய்வுபெற்று, வீட்டில், இறையியல் விளக்கங்களைத் தேடிப் பார்க்கும் உசாத்துணை நூலின் ஆறு வொலியூம்களைப் பூஞ்சணம் பிடிக்காமல் துடைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரி புதுப் பதிப்பு வாங்கியபோது பழைய செற்றை எனக்கே தந்துவிட்டார்கள். வாவிக்காற்றுக்கு அந்தத் தாள் ஒவ்வொன்றும் அப்பளம் மாதிரி நெளிந்துபோகும்.

எனக்குச் சந்தோசம் வந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? வாய் திறக்கிறதுக்கு முன் புத்தகத்தைப் பார்க்கிறானே, நான் படிப்பித்தது வீணாகவில்லை என்று நினைத்தேன். இண்டெக்ஸில் தேடி, ஐந்தாம் வொலியூமை எடுத்து, அந்த என்ட்றி முழுவதையும் தமிழில் சொன்னேன். நாலு கருத்து. முதலாவது, ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த பிள்ளை திருச்சபைக்கு வெளியே என்பது. இரண்டாவது, தீர்ப்பும் இல்லை, பேரின்பமும் இல்லை என்பது. மூன்றாவது, பெற்றோரின் விசுவாசம் பிள்ளையைத் தாங்கும் என்பது. நாலாவது, தேவ கிருபை எந்தச் சடங்குக்கும் கட்டுப்பட்டதல்ல, பிள்ளை அவர் கையில் என்பது. முதல் மூன்றையும் ஒவ்வொன்றாக மறுத்துவிட்டு ஆசிரியர் நாலாவதில்தான் வந்து நிற்கிறார்.

"ஓம் ரீச்சர். விளங்கிற்று" என்றான். "முதலாவது எத்தினையாம் பக்கம்?"

சொன்னேன். ஏன் முதலாவதை மட்டும் கேட்கிறான் என்று யோசிக்கவில்லை. பிறகு, "ஆருடா செத்தது?" என்று கேட்டேன்.

"நம்மட ராகினிட புள்ள, ரீச்சர்."

2. ராகினி

ராகினியை நான் ஞாயிறுபாடசாலைக் காலத்திலிருந்து அறிவேன். சபையில் நல்ல குரல் என்றால் அவள் குரல்தான். களுதாவளைப் பக்கத்துச் சைவப் பொடியன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்தாள். அன்றிலிருந்து சபைக் கமிட்டிக்கு அவள் கண்ணில் விழுந்த தூசி. அவளோ ஒரு ஆராதனையையும் விட்டதில்லை. புருசன் கட்டாரில். மாமனார் கணபதிப்பிள்ளைதான் அவளை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியே வாகை மரத்துக்குக் கீழே காத்திருந்து கூட்டிக்கொண்டு போவார். அந்தச் சைவ மனிசன் அப்படிக் காத்திருந்ததை ஒருவரும் பாராட்டிப் பேசியதை நான் கேட்டதில்லை.

பிள்ளை பிறந்ததும் ஞானஸ்நானம் தரச்சொல்லி இரண்டுதரம் கேட்டிருக்கிறாள். "அறுப்பின் பண்டிகைக்கு மேற்பார்வையாளர் வாறார், அவர் கையால எடுப்பம், வடிவா இரிக்கும்" என்று, சபைகளுக்கெல்லாம் தலைவரான அவரைக் காரணம் காட்டி ஜெயராஜ் தள்ளிப்போட்டான். பண்டிகைக்கு முன்பே பிள்ளைக்கு மூச்சு முட்டி ஆசுப்பத்திரியில் வைத்தார்கள். இவன் வார்டுக்குப் போய் ஜெபம் பண்ணிவிட்டு வந்தான். அவசரமென்றால் எந்தக் கிறிஸ்தவனும் தண்ணீர் எடுத்து ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அதே வொலியூமில் அடுத்த என்ட்றி. அதைச் சோதனையில் எழுதி வகுப்பிலேயே கூடிய புள்ளி எடுத்தவன் இவன்தான். வார்டில் போத்தல் தண்ணீரும் இருந்தது. இவனுக்கு மேற்பார்வையாளர்தான் ஞாபகம் வந்தார்.

3. கேற்றடியில்

அடக்கத்துக்கென்று நான் ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சேமக்காலைக் கேற்றில் பூட்டுத் தொங்கியது. ஆராதனை நடக்கும் கட்டடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களை அடக்கம் பண்ணும் காணி அது. வெளியே இன்னொரு ஓட்டோவில் ராகினி இருந்தாள். மடியில் சின்னப் பெட்டி. வாகை மரத்தடியில் கணபதிப்பிள்ளை தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கும் அவர் வெளியேதான்.

கமிட்டிச் செயலாளர் என்னைக் கண்டதும் முந்திக்கொண்டு வந்தார். "நாங்க ஒண்டும் எங்கட எண்ணத்துக்குச் செய்யல்ல ரீச்சர். பாஸ்டர் பெரிய பொத்தகத்தப் பார்த்துத்தான் சொல்லியிரிக்கார். பக்கத்தோட சொன்னார். ஞானஸ்நானம் இல்லாத புள்ள சபைக்கு வெளிய. வெளிய உள்ளதுக்கு உள்ளுக்க எப்பிடி இடம் குடுக்கிற?"

காலையில் என் வாயால் சொன்ன பக்கம் அது.

ஜெயராஜ் சுவரோரமாக நின்றான். வெள்ளை அங்கி போட்டிருந்தான். எதற்குப் போட்டான் என்று தெரியவில்லை.

"என்னடா சொல்லி வெச்சிரிக்காய்?" என்றேன்.

"பொத்தகத்துல இல்லாததச் சொல்லல்லயே ரீச்சர். முதலாவது கருத்துத்தானே."

"அது மறுக்கிறதுக்காக எழுதினது! மற்றவன்ட கதையை முதல்ல முழுசாச் சொல்லிப்போட்டுத்தான் அந்த மனிசன் தன்ட பதிலத் தொடங்குவார். ஆர் பேசுற எண்டு பார்க்காம எழுதாத எண்டு எத்தின தரம் உனக்குச் சொல்லியிருப்பன்!"

இதை விளங்காத, இறையியல் படிக்கப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய உசாத்துணை நூல்கள் எல்லாம் அப்படித்தான். எதிராளியின் கருத்தை அவனே சொன்னதிலும் வடிவாகச் சொல்லுவார்கள். அரைவாசியில் மூடிவைத்தால் எதிராளிதான் ஆசிரியர் என்று நினைத்துவிடுவீர்கள். முதலாம் வருடப் பிள்ளைகள் எல்லோரும் விடும் பிழை இது. வகுப்பில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் ஜெயராஜ் அந்தப் பிழையை விடவில்லை. அவனுக்கு நாலும் தெரியும்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "ரீச்சர், நீங்க இப்ப ஓட்டோல ஏறிப் போயிருவீங்க. நான் இந்த ஆக்களோட இரிக்கணும். என்ட ஓர்டினேசனுக்கு இவங்கட கடிதம் வேணும். கமிட்டி ஏலாது எண்டு ராவே தீர்மானிச்சிற்று. என்னட்டக் கேட்டது காரணம் மட்டுந்தான்."

"அப்ப காரணம் தேடத்தான் எனக்குக் கோல் எடுத்தாயா?"

அவன் அங்கியின் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

செயலாளரிடம் திரும்பி மிச்ச மூன்று கருத்தையும் சொல்லத் தொடங்கினேன். தொண்டை கிழியச் சொன்னேன். அவர் கையை உயர்த்தி, "நாலு கருத்து இரிக்கெண்டா அதுல ஒண்ட எடுக்கிறதுக்கு எங்களுக்கு உரிமை இரிக்குத்தானே ரீச்சர்?" என்றார். கமிட்டிக்காரர் தலையாட்டினார்கள். எத்தனையோ வருடம் நான் எழுப்பிய கட்டடத்தை ஒரு மனிசன் ஒரு வசனத்தில் தனக்குக் கொட்டிலாக்கிக்கொண்டான்.

வெயில் ஏறியது. ராகினி பெட்டிக்கு வெயில் படாமல் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

கணபதிப்பிள்ளை துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ரீச்சரம்மா, சாமி வரம் குடுத்தாலும் பூசாரி இடம் குடுக்கான் எண்டு எங்கட பக்கம் சொல்லுற. உங்கடயிலயும் அதானா?" பிறகு ஓட்டோ அருகே போய், "வா மகள், போவம். நம்மட ஊருல சின்னப்புள்ளயள மண்ணுக்குள்ளதான் வைக்கிற. இது ஆர்ர புள்ள, எந்தச் சமயம் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க" என்றார்.

ஓட்டோ திரும்பியது. கேற்றடியில் நின்றவர்களில் ஒருவரும் பின்னால் போகவில்லை. நான் போனேன். அவர்களுடைய ஊரில் ஆட்கள் செய்தி கேட்டு அதற்குள் குழி வெட்டி வைத்திருந்தார்கள். ராகினி என்னைப் பார்த்தாள். நான் ஜெபம் சொன்னேன். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மற்றவர்களும் கழற்றினார்கள்.

4. முழு என்ட்றி

மேற்பார்வையாளருக்கு எழுதினேன். "சபைச் சமாதானம் கருதி" இதைப் பெரிதாக்க வேண்டாம் என்று பதில் வந்தது. ஜெயராஜுக்கு ஓர்டினேசன் நடந்தது. அழைப்பு அனுப்பினான், நான் போகவில்லை. இப்போது அவன் கல்லூரியில் நான் படிப்பித்த பாடத்தைப் படிப்பிக்கிறான். நன்றாகப் படிப்பிக்கிறானாம்.

ராகினி அதற்குப் பிறகு ஆராதனைக்கு வரவில்லை. ஆனால் ஒருநாள் சொல்லியனுப்பினாள். அந்தப் புத்தகத்தைத் தானே பார்க்க வேண்டுமாம். ஐந்தாம் வொலியூமைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அவள் பாயை விரித்தாள். கணபதிப்பிள்ளையும் வாசல்படியில் வந்து இருந்தார். முதலாம் கருத்திலிருந்து கடைசி வரி வரைக்கும், ஃபுட்நோட்டையும் விடாமல், தமிழாக்கிச் சொன்னேன். பிள்ளை அவர் கையில் என்ற இடத்தில் மட்டும் "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். தாளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு கேட்டாள்: "இது பாஸ்டருக்குத் தெரியுமா ரீச்சர்? அண்டைக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெரியும் மகள். அவனுக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களே, ஆறு வொலியூமையும் வாங்குங்கள். என்ட்றியை முடிவுவரை வாசியுங்கள். யார் பேசுகிறார் என்று பாருங்கள். இதையெல்லாம் நான் செய்யச் சொல்லித்தான் படிப்பித்தேன், செய்தும் காட்டினேன். என்னுடைய ஆகச்சிறந்த மாணவனும் செய்தான். புத்தகம் ஒருவனுக்குப் பக்க இலக்கம் கொடுக்கும். நெஞ்சுரம் கொடுக்காது. அதை நீங்கள் வேறெங்காவது தேடிக்கொள்ள வேண்டும். எங்கே என்று எனக்கும் தெரியாது.

அன்றைக்கு ராகினி புத்தகத்தை மூடி என் கையில் தந்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"இவ்வளவும் தெரிஞ்சவர் ஏன் ரீச்சர் அந்தக் கேற்றத் திறக்கல்ல?"