மேசன் வீடு

எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் உரும்பிராயில் எவரும் "மேசன் வீடு" என்றுதான் காட்டுவார்கள். சுவர் கட்டிப் பூசுகிற மேசனான என் கணவர், வேலைக்காக உயரத்தில் கட்டிய சாரத்திலிருந்து விழுந்து, முள்ளந்தண்டு பழுதாகி, மூன்று வருடமாகக் கட்டிலோடு கிடந்தபோதும் அந்தப் பெயர் மாறவில்லை.

அரசாங்க உதவிக்கு விபரம் எடுக்க வந்த பெண்பிள்ளை படலையடியில் நின்றே கேட்டாள்.

"அம்மா, வீட்டுக்காரர் என்ன தொழில்?"

"மேசன்."

"நீங்கள்?"

"நான் சும்மாதான் இருக்கிறன், பிள்ளை."

யோசித்துச் சொன்ன பதில்கள் அல்ல. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். அன்று காலையில்கூட வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிவிட்டுத்தான் வந்திருந்தேன். கிழமையில் இரண்டு மூன்று நாள் அந்த வேலை கிடைக்கும். அதையெல்லாம் தொழில் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, நானும் கூப்பிடவில்லை.

உதவி கிடைப்பவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். எங்கள் பெயர் இல்லை. அந்த உதவி வந்தால் அவருடைய முதுகு வலிக்கான நோ மருந்தை மாதம் முழுக்க வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். பாதி மாதத்துக்கு வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுக்காத நாளில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பார்.

கந்தோருக்குப் போனேன். உத்தியோகத்தர் கணினியைப் பார்த்தார்.

"மேசன் எண்டு பதிஞ்சு கிடக்கு. மேசன்மாருக்கு இப்ப நல்ல சம்பளமெல்லோ?"

"அவர் விழுந்து மூண்டு வருசம். எழும்பி நடக்கமாட்டார்."

"அப்ப ஏன் மேசன் எண்டு சொன்னனீங்கள்?"

"அவர் மேசன்தானே."

உத்தியோகத்தர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மேன்முறையீட்டுப் படிவத்தைத் தந்து ஆறுதலாக விளக்கினார். உழைக்கிற வயதில் முழுநேர வேலை இல்லாதவர்களும் உதவி கேட்கலாம். ஆனால் தொழில் என்ற இடத்தில் ஆள் யார் என்று கேட்கவில்லை, இப்போது உழைக்கிறாரா என்றுதான் கேட்கிறார்கள். என் தோட்டக் கூலியையும் மறைக்கத் தேவையில்லை, கிடைக்கும் நாட்களை உள்ளபடி எழுதினால் போதும். வேலைக்குப் போகிற நான் சும்மா இருப்பதாகவும், கிடையில் கிடக்கிறவர் வேலை செய்வதாகவும் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். என்மேல் எரிச்சல் வந்தது. பஸ்சில் ஏறியபோது அதுவும் போய்விட்டது.

வீட்டில் அவருடைய கட்டிலருகே இருந்து எழுதினேன். என் இடத்தில் 'தோட்டக் கூலி, கிழமைக்கு இரண்டு மூன்று நாள்' என்று எழுதினேன். அவருடைய இடத்தில் பேனை நின்றது.

"ஏனப்பா நிப்பாட்டிப்போட்டீர்?"

"உங்கடை தொழிலைக் கேட்டிருக்கு."

கட்டிலுக்குக் கீழே, வாளிக்குள், சாந்து பூசுகிற அவருடைய அகப்பை இன்னும் கிடந்தது.

"இல்லை எண்டு எழுதும்."

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அழுகை வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை.

உதவி கிடைத்தது. இப்போது தினமும் மருந்து கொடுக்கிறேன்.

போன மாதம், ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் மதில் பூச ஆள் தேடி வந்து படலையில் தட்டினார்.

"இது மேசன் வீடுதானே?"

ஓம் என்று சொல்ல நான் வாயெடுக்கும் முன் உள்ளேயிருந்து அவருடைய குரல் வந்தது.

"இல்லைத் தம்பி. இஞ்சை மேசன் ஒருத்தரும் இல்லை."

வந்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். நான் படலையைச் சாத்திவிட்டு மருந்து எடுக்கப் போனேன்.