கேள்வி கேட்காத டெஸ்மண்ட்

காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு டெஸ்மண்ட் முதலில் வானத்தைப் பார்ப்பார். அடுத்து தன் காலணிகளைப் பார்ப்பார். விருந்தாளியின் முகம் மூன்றாவதுதான். வானம் எப்படி இருந்தாலும் "மழை நின்னுடும்" என்பார். பெய்யாத மழையைக்கூட நின்றுவிடும் என்றுதான் சொல்வார். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் குன்றுகளில் அந்த வாக்கு பொய்த்ததில்லை. எந்த மழையும் என்றைக்காவது நிற்கத்தானே வேண்டும்.

கறுப்பு நிறத்தில் நீளமான கார், கையில் வெள்ளைக் கையுறை. லண்டனிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு, இடிந்த கோட்டை, பழைய தேவாலயம், பிரபு மாளிகை என்று பகல் முழுக்கச் சுற்றிக் காட்டி, மாலை ரயிலுக்குக் கொண்டுவந்து விடுவது அவர் தொழில். அதற்கு முன் பாதி ஆயுளை ஊர்ப் பேருந்து ஓட்டிக் கழித்தவர். ஏறி இறங்கிய அத்தனை பேரின் மூட்டுவலியும் மருமகள் சண்டையும் அவருக்கு அத்துப்படி. பேருந்தை விட்டு இறங்கியபோது அந்தப் பழக்கமும் கூடவே இறங்கி, காரில் ஏறிக்கொண்டது.

சரித்திரத்தைப் பொறுத்தவரை, எல்லா ஹென்றி ராஜாக்களும் அவருக்கு ஒரே ஹென்றிதான். சாப்பாட்டுப் பிரியர், கல்யாணப் பிரியர். இடிந்த சுவர் எதைக் கண்டாலும் அதன் அடியில் ஒரு தலையாவது உருண்டிருக்கும். பாதி கட்டி நின்ற பொதுக் கழிப்பிடம் ஒன்றுக்கும் ஒருமுறை ஒரு ராணியைப் பலி கொடுத்துவிட்டார். அவர் பேச ஆரம்பித்தால் வேலிக்கு அப்பால் மேயும் ஆடுகள் தலையைத் தூக்கிக் கேட்கும். அப்படிக் கேட்டே மேய மறந்து ஓர் ஆடு இளைத்துப் போனதாகவும், அதன் சொந்தக்காரர் டெஸ்மண்டிடம் சண்டைக்கு வந்ததாகவும் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஆட்டைப் பார்த்தவர் யாரும் இல்லை.

ஆனால் சொல்வதைவிடக் கேட்பதில்தான் அவருக்கு ருசி அதிகம். அதற்காகவே காரின் முன்கண்ணாடி மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டிவைத்திருந்தார். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க அல்ல, பின்னால் உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பார்க்க. முகம் தெரிந்தால் கேள்வி வந்துவிடும். தேனிலவுக்கு வந்த ஜோடியிடம், "உங்க ரெண்டு பேர்ல யாருக்கு இது ரெண்டாவது கல்யாணம்?" என்று கேட்டது முதல் புகார். ஜெர்மன் பேராசிரியர் ஒருவரிடம் தன் மனைவி பாலினின் பித்தப்பைக் கல் எத்தனை பெரிது என்று விரலால் காட்டிக்கொண்டே போய், பார்க்க வேண்டிய தேவாலயத்தைத் தாண்டிவிட்டது இரண்டாவது.

முதலாளி கிளெனிஸ் விவசாயி வீட்டுப் பெண். இரண்டு கார்களை வைத்துத் தொழில் நடத்துகிறவள். முரட்டுக் குதிரைகளைப் பழக்கிய கை அது. அந்தக் கையாலேயே சின்னக் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"இத பாருங்க டெஸ்மண்ட். இன்னொரு புகார் வந்துச்சுன்னா சாவியை என் மேசையில வச்சிட்டுப் போயிட்டே இருக்கலாம். விருந்தாளிகிட்ட சொந்த விஷயம் ஒண்ணும் கேக்கக் கூடாது. உங்க சொந்த விஷயம் ஒண்ணும் சொல்லக் கூடாது."

"கேள்வி தானா வாயில வந்துடுச்சுன்னா?"

"இதைப் போட்டு அடக்குங்க." பெப்பர்மின்ட் மிட்டாய் டப்பா ஒன்றை அவர் மடியில் போட்டாள்.

சாவி போனால் பகலெல்லாம் வீடு. வீட்டில் பாலின் இருப்பாள் என்று சொல்ல முடியாது. அவளுக்குப் பாட்டுக் குழு உண்டு, நீச்சல் உண்டு, தோட்டச் சங்கம் உண்டு. பேருந்து வேலை முடிந்த புதிதில் டெஸ்மண்ட் கொஞ்ச காலம் வீட்டில் சும்மா இருந்து பார்த்தார். ஒருநாள் காலை, கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலிடம், "நீங்க எங்க போகணும்?" என்று கேட்டுவிட்டார். ஆகவே மிட்டாய் டப்பாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைய விருந்தாளி அமெரிக்காவிலிருந்து தனியாக வருகிற ஒரு வயதான அம்மாள். பெயர் லோரெட்டா. "அவங்க தாத்தா பாட்டி நம்ம பக்கத்துக்காரங்களாம். தங்கமா நடந்துக்குங்க" என்று கிளெனிஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். ரயில் நிலைய வாசலில் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார் டெஸ்மண்ட். பக்கத்தில் சேறும் நாய்முடியும் ஒட்டிய சின்னக் கார் ஒன்று. அதற்குள் தொப்பி வைத்த கிழவர் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். டெஸ்மண்ட் அவரைக் கவனிக்கவில்லை.

ரயில் வந்தது. கைப்பையும் தானுமாக ஒரு வயதான அம்மாள் மெதுவாக நடந்து வந்தார். வலது கண்மேல் துளை போட்ட பிளாஸ்டிக் மூடி. அதைச் சுற்றிப் பிளாஸ்திரி. மற்ற கண்ணைச் சுருக்கி டெஸ்மண்டை அண்ணாந்து பார்த்தார்.

"என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கீங்களா தம்பி?"

"ஆமாம் மேடம். மழை நின்னுடும்."

கண்ணுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. முதல் மிட்டாய் உள்ளே போனது.

"பெரிய காரா இருக்கே. வழியில இன்னும் யாரையாவது ஏத்தணுமா?"

"இல்ல மேடம். இன்னிக்குப் பூரா உங்களுக்கு மட்டும்தான்."

"பூராவா?" என்றார் அந்த அம்மாள். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அடக்கிக்கொண்டு, "ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு" என்றார்.

அமெரிக்கப் பேச்சு மாதிரி இல்லை. அசல் இந்த ஊர்ப் பேச்சு, அதுவும் ஆட்டுச் சந்தைப் பேச்சு. காசு கொடுத்துப் பாட்டி ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள் போலிருக்கிறது என்று டெஸ்மண்ட் நினைத்துக்கொண்டார். பணமுள்ளவர்கள் எதைத்தான் கற்கமாட்டார்கள்.

முதலில் கோட்டை. மலையுச்சியில் மூன்று சுவரும் ஒரு படிக்கட்டும் மிச்சம். டெஸ்மண்ட் தன் கைவசமிருந்த தலைகளை வரிசையாக உருட்டினார். அந்த அம்மாள் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இந்தச் சுவருக்குப் பின்னாலதான் எங்க அண்ணன் ஒரு பசுமாட்டைத் தொலைச்சான்" என்றார்.

"எந்தக் காலத்துல மேடம்" என்று ஆரம்பித்த டெஸ்மண்ட், அது கேள்வி என்று உணர்ந்து இரண்டு மிட்டாயாகப் போட்டுக்கொண்டார். அமெரிக்க அண்ணனுக்கு இங்கே ஏது மாடு? கப்பலில் கொண்டுவந்து தொலைத்தானா?

மதியம் கோட்டைக்குக் கீழே காரை நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். "தொந்தரவா நினைச்சுக்காதீங்க. இதுல ஒரு சொட்டு என் கண்ணுல விட முடியுமா? எனக்குக் கை நடுங்குது."

டெஸ்மண்ட் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மூடியை நீக்கினார். சிவந்திருந்த கண் அவரையே பார்த்தது. சொட்டு விட்டார். மூடியை மறுபடி ஒட்டினார். சாக்லேட்டைப் பார்த்தும் கையை நீட்டாமல் நிற்கிற பிள்ளைபோல் நின்றார். அறுவைச் சிகிச்சையா, ரோஜா முள்ளா, யாராவது குத்தியதா? ஒன்றும் கேட்கவில்லை. நாக்கு மரத்துப்போயிருந்தது.

தேவாலயத்தில் குழப்பம் முற்றியது. கல்லறைமேல் கல்லாய்ப் படுத்திருந்த போர்வீரனைக் காட்டலாம் என்று கூட்டிப்போனால், பூ அடுக்கிக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து அம்மாளின் கையைப் பிடித்தாள். "வாங்க வாங்க. கண்ணு எப்படி இருக்கு?"

பூ அடுக்குகிறவள் கேட்கலாம், தான் கேட்கக் கூடாதா என்று டெஸ்மண்ட் இன்னொரு மிட்டாயைப் போட்டுக்கொண்டார். விருந்தாளி தனியாகப் பேசும்போது தள்ளி நிற்க வேண்டும் என்பதும் கிளெனிஸின் சட்டம். தூணுக்குப் பின்னால் போய் நின்றார். பதில் அவர் காதில் விழவில்லை. வெங்காயத்தாள், நத்தை, உப்பு என்று மட்டும் அரைகுறையாகக் கேட்டது. லண்டன் ரயிலில் காலையில் வந்தவருக்கு இந்த ஊர் நத்தையோடு என்ன பகை?

பிரபு மாளிகையின் முன்வாசலில், கல் சிங்கங்கள் காவலிருக்கும் படிக்கட்டுக்கு முன் அந்த அம்மாள் நின்றுவிட்டார்.

"முன்பக்கமாவா போகணும்?"

"ஆமாம் மேடம்."

"நான் அப்படியே பின்வாசல் வழியாவே போயிடறேனே தம்பி. எனக்குப் பழக்கம்."

என்ன பழக்கம் என்று கேட்காமல் இருக்க மிட்டாய்கூடத் தேவைப்படவில்லை. வாய் தானாகவே பூட்டிக்கொண்டது. டெஸ்மண்ட் தன் முழங்கையை நீட்டினார். அம்மாள் கொஞ்சம் யோசித்து, அதைப் பற்றிக்கொண்டு, சிங்கங்களுக்கு நடுவே படியேறினார். பெரிய கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். மேலே கூரை முழுக்க மேகங்கள். மேகங்களில் தேவதைகள்.

"அடப்பாவமே" என்றார் மெதுவாக. "இத்தனை பேர் துணியில்லாம மேல உக்காந்திருக்காங்க. நான் கீழ இவங்க விரிப்பைத் துவைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

அமெரிக்கர்கள் விரிப்பை எங்கே அனுப்பித் துவைக்கிறார்கள் என்பது டெஸ்மண்டுக்குத் தெரியாது. இவ்வளவு தூரம் அனுப்புவார்கள் என்று அவர் நினைத்ததில்லை.

காரில் ஏறியதும் அம்மாள் தொண்டையைச் செருமினார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, போற வழியில லிட்டில் பார்லோவுல ஒரு நிமிஷம் நிறுத்த முடியுமா? என் பூனைக்குச் சோறு வைக்கணும்."

டெஸ்மண்ட் வண்டியைத் திருப்பினார். அமெரிக்காக்காரிக்கு லிட்டில் பார்லோவில் பூனை. இனி வானமே பச்சையாக இருந்தாலும் அவர் நம்பத் தயார்.

அந்தக் கிராமத்தில் ஒரு தேன்நிறக் கல் வீடு. வாசலில் அந்த நாய்முடிக் கார். அதற்குள் அதே கிழவர், அதே தூக்கம். வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம். உள்ளே போனால் சமையலறையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவர், பாதி காலியான பழக்கேக், நடு நாற்காலியில் சிவப்புக் கோட்டுப் போட்ட அந்நியப் பெண்மணி, அவர் மடியில் பூனை.

"ஹில்டா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, டெஸ்மண்டின் விருந்தாளியைப் பார்த்து. "வந்துட்டீங்களா. உங்க சொந்தக்காரங்க காலையிலயே வந்துட்டாங்க."

"எனக்கு இவங்க யாருன்னே தெரியாதே" என்றார் ஹில்டா.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்களுக்கும் தெரியாது. கேட்டா நல்லா இருக்காதுன்னு டீ போட்டுக் குடுத்தோம்."

சிவப்புக் கோட்டு எழுந்து கைநீட்டியது. "நான் லோரெட்டா. இதுதான் சுத்திப்பாக்குற நிகழ்ச்சின்னு நினைச்சேன். ரொம்ப அருமைங்க. பூனைகூட நிஜம்."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. ஹில்டா ஆக்ஸ்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு வைத்தியம் செய்துகொண்டு, அதே லண்டன் ரயிலில் நடுவழியில் ஏறி வந்தவர். வயதானவர்களை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும் ஊர்த் தொண்டுக் காருக்குச் சொல்லியிருந்தார். அந்தக் கார்க்காரர்தான் வெளியே தூங்கும் நார்மன். தொண்டுக்குப் புதியவர், ஹில்டாவை அதற்கு முன் பார்த்ததில்லை. வண்டி ஓட்டும்போது காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிடுவார். தன் பக்கமாக நடந்துவந்த முதல் கிழவியை ஏற்றிக்கொண்டு வந்து, பூந்தொட்டிக்கு அடியிலிருந்த சாவியால் வீட்டைத் திறந்துவிட்டார்.

"வேற வண்டின்னு நீங்க ஏன் சொல்லல மேடம்?" டெஸ்மண்டின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சும்மா கூட்டிட்டுப் போற மனுஷன்கிட்ட, வழி சுத்தா இருக்குன்னு எப்படிச் சொல்றது?" என்றார் ஹில்டா. "பாவம், பேச்சுத் துணைக்கு ஆளில்லாம ஊரைச் சுத்துறாரு போலன்னு நினைச்சேன்."

அந்த நேரம் பார்த்து கைபேசி அடித்தது. கிளெனிஸ். டெஸ்மண்ட் கார்ச் சாவியைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மேசைமேல் அது விழும் சத்தம் இப்போதே அவருக்குக் கேட்டது. பதில் சொல்ல நாக்கு புரளுமுன் லோரெட்டா போனை வாங்கிவிட்டார்.

"எல்லாம் பிரமாதம்ங்க. ஒரே ஒரு குறை. டிரைவர் ஒரு வார்த்தை பேசல. நான் யாரு, எங்கேருந்து வர்றேன், ஒண்ணும் கேக்கல. எங்க ஊர்ல நாயைக் கூட்டிட்டுப் போனாக்கூட அது பேரைக் கேப்பாங்க."

போன் டெஸ்மண்டின் கைக்குத் திரும்பி வந்தது.

"டெஸ்மண்ட்" என்றாள் கிளெனிஸ். "நீங்க பேசலைன்னு புகார் பண்றாங்க. நீங்கதானா அது?"

"எனக்கே சரியாத் தெரியலம்மா."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"சரி, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அவங்களை இன்னொரு சுத்து சுத்திக் காட்டி ரயில்ல ஏத்திட்டு வாங்க. தயவுசெஞ்சு ஏதாவது பேசித் தொலைங்க." போனை வைத்துவிட்டாள்.

லோரெட்டாவுக்கு இன்னும் கோட்டை பாக்கி, மாளிகை பாக்கி. பூனைக்குச் சோறு வைத்துவிட்டு ஹில்டாவும் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டார். "நானும் வர்றேன். அந்த மேகத்துக்காரங்களை இன்னொரு தடவை பாக்கணும். இந்தத் தடவையும் முன்வாசல் வழியாவே."

டெஸ்மண்ட் பின்கதவைத் திறந்து பிடித்தார். வானத்தைப் பார்க்கவில்லை, காலணியையும் பார்க்கவில்லை. இருவரும் ஏறி உட்கார்ந்ததும் முன்னால் போய் அமர்ந்து, வாயிலிருந்த மிட்டாயைக் கடித்து விழுங்கினார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னக் கண்ணாடியை ஒரு விரலால் கீழே இறக்கினார். பிளாஸ்டிக் மூடி போட்ட முகம் அதற்குள் வந்து நிற்கும்வரை திருப்பினார்.

"இப்ப சொல்லுங்கம்மா," என்றார். "கண்ணுக்கு என்ன ஆச்சு?"