கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வீடு

ஐம்பத்தெட்டு வயது வரைக்கும், சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று சண்முகவடிவை யாரும் கேட்டதில்லை. கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவள் பிறந்த லயத்து வரிசைக் குடியிருப்புக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, அடியில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புத் தார். வாழ்க்கைப்பட்டுப் போன லயத்துக்கும் அதேதான். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை வருகிறார் என்றால் தோட்டத்திலிருந்து சுண்ணாம்பு வரும். வராவிட்டால் அடுப்புப் புகைதான் நிறம். ஆனால் கொழுந்து பறிக்கிற மலையில் எவள் எந்தச் சேலைக்கு எந்த ரவிக்கை போடலாம் என்பதில் அவள் சொன்னதுதான் தீர்ப்பு.

போன வருஷம் லயத்துக்குப் பதிலாகத் தனிவீடு கிடைத்தது. ஒரே வரிசையில் இருபது வீடுகள், எல்லாம் வெறும் சிமெந்துப் பூச்சு. பெயின்ட் அடிக்க வந்த ஜீவராஜ் நிற அட்டையை அவளிடம் நீட்டினான்.

"பாத்துச் சொல்லுங்க அக்கா."

மூன்று நாள் பார்த்தாள். தூங்கும்போதும் அட்டை தலைமாட்டில் இருந்தது. கடைசியில் நீலம் என்றாள்.

மருமகள் லோஜினி பதறிப்போனாள். "ஐயோ அத்தை, அது கட்சிக் கலர். எலக்சன் வந்தா நம்ம சுவத்துலதான் போஸ்டர் ஒட்டுவாங்க."

பச்சைக்கும் சிவப்புக்கும் அதே பதில். மஞ்சள் என்றதும் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு, "அம்மன் கோயில்னு நெனச்சு வாசல்ல சூடம் கொளுத்திடுவாங்கடி" என்று சிரித்தாள். வெள்ளையைச் சண்முகவடிவே ஒதுக்கிவிட்டாள். சாவு விழுந்தால் வழிநெடுகக் கட்டுகிற கொடி அது.

"எல்லா நெறத்துக்கும் ஆள் இருக்காங்க. எனக்குன்னு ஒண்ணு மிச்சம் வைக்கலியா?"

அப்போதுதான் அட்டையின் கீழ் வரிசையில் கத்தரிப்பூ நிறத்தைக் கண்டாள். விரலை வைத்தவள் எடுக்கவில்லை. அதற்கும் மேட்டு வீட்டு மார்கிரட் டீச்சர் வந்து நின்றார். "தவக்காலத்துல எங்க கோயில்ல கட்டுற கலராச்சே, வடிவு?"

"ஒங்களுக்கு நாப்பது நாளைக்குத்தானே வேணும் டீச்சர்? மிச்ச நாளைக்கு நான் வச்சுக்கிறேன்."

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதல் பூச்சு ஈரத்தோடு முற்றிய கத்தரிக்காய் போல இருந்தது. சண்முகவடிவு அட்டையை எடுத்துவந்து சுவரோடு வைத்துப் பார்த்தாள். "காயட்டும் அக்கா" என்றான் ஜீவராஜ். அதற்கென்றே காத்திருந்தது போல மூன்று நாள் மழை. அவள் வாசலுக்கே வரவில்லை. நாலாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தது. சீனி வாங்கப் போகிறேன் என்று ரோட்டு வளைவு வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். பூவேதான். அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று தடவை சீனி தீர்ந்தது.

பனிமூட்டத்திலும் அந்த வீடு தெரிந்தது. ஒரு நாள் பஸ் கண்டக்டர், "கத்தரிக்கா வீடு எறங்குங்க!" என்று கூவினான். சண்முகவடிவு படியிலேயே நின்றுவிட்டாள். "காய் இல்லப்பா, பூ!" அவன் திருத்திக் கூவிய பிறகே இறங்கினாள்.

மறுவாரம் அம்மாக்கண்ணு தயங்கித் தயங்கி வந்தாள். அவளுக்கும் அதே நிறம் வேண்டுமாம். சண்முகவடிவு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே அவள் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துப் போய், கனகாம்பர நிறத்தில் ஒரு பெயின்ட் வாளியை எடுத்துக் கொடுத்தாள்.

"இது யாரோட கலர்னு கட்சிக்காரங்க கேட்டா என்னாடி சொல்றது?" என்றாள் அம்மாக்கண்ணு.

"என் வீட்டுக்குப் பக்கத்து வீடுன்னு சொல்லு."