பைக்குள் இருந்த சர்க்கரைப் பொட்டலம்

அன்று காலை மாதா கோயிலில் நான் தலையை ஆட்டியதை என் கணவர் பார்த்தாரா, இல்லையா? நாலு வருஷமாகிறது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு நீரிழிவு. ஹார்பரில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலை. மூத்தவளுக்கு ஐந்து வயதாகும்போது உடம்பு மெலிந்து, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். டாக்டர் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்றார். தினமும் ஆஸ்பத்திரிக்கு நடக்க முடியாது. தன் கையால் குத்திக்கொள்ள அவருக்குத் தைரியம் இல்லை. நான் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது வரை படித்தவள் என்பதால் டாக்டர் எனக்கே சொல்லிக்கொடுத்தார். கண்ணாடிக் குழாயையும் ஊசியையும் வெந்நீரில் கொதிக்க வைப்பேன். மருந்துப் புட்டியை ஈரத்துணி சுற்றிய சின்ன மண்பானைக்குள் வைத்திருப்பேன். மருந்துப் பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் தாளை அகராதி வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். நீல மருந்தில் சிறுநீரைச் சொட்டு விட்டுக் காய்ச்சி, நிறம் மாறுவதைப் பார்த்துச் சர்க்கரை எவ்வளவு என்று நோட்டில் எழுதுவேன். இவ்வளவும் சரியாகச் செய்தேன் என்ற கர்வம் எனக்கு இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஊசியால் இரண்டு தொல்லை வரும் என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். ஒரே இடத்தில் குத்தினால் அந்த இடத்துச் சதை கெட்டுப்போகும் என்பது ஒன்று. கேட்டுக்கொண்டேன். ஆனால் இடது தொடையில் ஓர் இடம் மரத்துப்போய், அங்கே குத்தினால் வலிக்கவில்லை என்று அவர் சொன்னதும் அங்கேயே போட்டுக்கொண்டிருந்தேன். சில மாதத்தில் பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தினாற்போல் குழி விழுந்துவிட்டது. நான் அழுதேன். அவர், "வுழுந்தா இன்னாமே, இன்னும் நாலு குழி போடு, பல்லாங்குழி ஆடலாம்" என்று சிரித்தார். அதன் பிறகு வலது தொடை, இடது தொடை, வயிறு, கை என்று முறை வைத்து நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மற்றது பெரிய தொல்லை. ஊசி போட்டுச் சாப்பிடத் தாமதமானால் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், காரணமில்லாமல் கோபம் வரும். குடித்தவர் போலவே இருக்கும், உடனே சர்க்கரையை வாயில் போடுங்கள் என்றார் டாக்டர். வீட்டில் இரண்டு தடவை அப்படி வந்து, இரண்டு தடவையும் நான் கொடுத்துச் சரியாயிற்று. அதற்காகவே ஒரு சர்க்கரைப் பொட்டலத்தைச் செபமாலை வைக்கும் துணிப்பையில் எப்போதும் வைத்திருந்தேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

மூத்தவளுக்குப் புதுநன்மை, அதாவது பூசையில் முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள், வந்தது. அவளோடு நாங்கள் இருவரும் நன்மை வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அப்போதெல்லாம் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் படாமல் இருந்துதான் நன்மை வாங்க வேண்டும். அப்படியானால் காலை ஊசியை என்ன செய்வது? முன்பு ஒரு நாள் ஊசியை விட்டபோது சர்க்கரை ஏறி, நீல மருந்து செங்கல் நிறமாகி டாக்டரிடம் திட்டு வாங்கியிருந்தேன். அதனால் விடவும் பயம். ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் கன்னியாஸ்திரியிடம் போய், ஊசி போட்டால் உபவாசம் முறியுமா என்று கேட்டேன். வாய் வழியாகப் போகாததால் முறியாது என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். உபவாசத்தை ஊசி என்ன செய்யும் என்று கேட்டேனே தவிர, உபவாசத்தில் ஊசி அவரை என்ன செய்யும் என்று டாக்டரிடம் கேட்கத் தோன்றவில்லை. ஏழு மணிக்குள் பூசை முடிந்துவிடும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இட்லியில் இரண்டு அவரும் சாப்பிட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டு, ஆறு மணிக்கு வழக்கமான அளவைப் போட்டேன்.

பூசை நேரத்துக்குத் தொடங்கவில்லை. வெள்ளை உடுப்பும் பூமுடியுமாகப் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு பிரசங்கம். சாமியார் ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்துப் பேசுவதுபோல் நிதானமாகப் பேசினார். நாங்கள் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தோம். இளையவள் என் மடியில். அவர் நடுவழிக்கு அந்தப் பக்கம், ஆண்களோடு.

முதலில் அவர் மேல்துண்டால் நெற்றியைத் துடைப்பதைப் பார்த்தேன். பிறகு கழுத்தை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எல்லோரும் முழங்காலிட்டபோது அவர் மட்டும் எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து உட்காரச் சொல்ல, அவர் உதறித் தள்ளி ஏதோ சத்தமாகச் சொன்னார். கோயிலே திரும்பிப் பார்த்தது. என் விரல்கள் பைக்குள் இருந்தன. செபமாலைக்குக் கீழே பொட்டலம் தட்டுப்பட்டது.

எழுந்து நடுவழியைத் தாண்டி ஆண்கள் பக்கம் போய் அவர் வாயில் சர்க்கரையைப் போட்டிருக்க வேண்டும். இருபது அடி இருக்கும். போட்டால் அவருடைய உபவாசம் முறியும், மகளோடு நன்மை வாங்க முடியாது என்று நினைத்தேன். இப்போதும் அதைத்தான் காரணமாகச் சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன். உண்மை அதற்கு அடியில் இருக்கிறது. அவ்வளவு பேர் பார்க்கிறபோது அந்த மனிதரை நோக்கி நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மனைவி அடுத்த பாயில் இருந்தாள். என் காதருகே குனிந்து, "அது உன் வூட்டுக்காரர் தானே? மதுவிலக்குக் காலத்துல, அதுவும் காலையிலேயே, எங்க கெடச்சிது அவருக்கு?" என்றாள்.

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் குடிக்கவில்லை என்று ஆட்டினேனா, அவர் என் கணவர் இல்லை என்று ஆட்டினேனா? முதலாவது என்று எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் ஆட்டியவுடன் பீடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேனே, அதற்கு என்ன பதில்? அந்தக் கணத்தில்தான் அவர் எங்கள் பக்கம் திரும்பினார். யாரையோ தேடுவதுபோல் இருந்தது.

இரண்டு பேர் அவரை அக்குளில் கைகொடுத்து வெளியே கூட்டிப்போனார்கள். மணி அடித்தது. என் மகள் பீடத்துக் கிராதிக்கு முன் முழங்காலிட்டாள். அவளுக்குப் பின்னால் நானும் போய் நன்மை வாங்கினேன். ஆமாம், வாங்கினேன். அதற்குப் பிறகுதான் வெளியே ஓடினேன்.

கோயில் மதில் நிழலில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். வாசலில் மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் தலையைத் தன் மடியில் எடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "குடியாவது ஒண்ணாவது. வாயில நாத்தம் கீதா, மோந்து பாருங்க. உடம்பு மீனு கணக்கா சில்லுனு கீது. யாரு வூட்டு ஆம்பளப்பா இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரர்தான்" என்றேன்.

"நீ உள்ளயா இருந்தே இம்மா நேரம்?" என்றாள். அவள் திட்டவில்லை, கேட்டாள். அவ்வளவுதான்.

பொட்டலத்தைப் பிரித்துச் சர்க்கரையை விரலில் ஒற்றி அவர் கன்னத்துக்கு உள்பக்கம் தடவினேன். மறுபடி, மறுபடி. பத்து நிமிஷத்தில் உதடு அசைந்தது. கொஞ்ச நேரத்தில் விழுங்கினார். கண் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா நன்மை வாங்கிச்சா?" என்பது. வாங்கினாள் என்றேன். "நீ?" என்றார். நானும் என்றேன். "நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் டாக்டர், பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஊசியைப் போட்டால் என்ன, அரைநாள் தாமதத்தில் யாரும் சாவதில்லை, சர்க்கரை இறங்கினால் அரைமணியில் உயிர் போகும் என்று கடிந்துகொண்டார். நான் தலையைக் குனிந்து நின்றேன். தாமதமாகிவிட்டது என்று மட்டும் டாக்டரிடம் சொன்னேன். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் நான் தலையாட்டி இல்லை என்றது சாமியாரை அல்லவே.

ஊசியில் இன்று நான் தப்புச் செய்வதில்லை. தட்டு வைத்த பிறகுதான் குழாயில் மருந்து ஏற்றுகிறேன். வேலை நேரத்தில் வியர்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று உடன் வேலை செய்பவர்களிடம் அவரையே சொல்ல வைத்துவிட்டேன்.

இப்போது இளையவளுக்குப் புதுநன்மை வருகிறது. நன்மைக்கு முன் தண்ணீர் குடிக்கலாம், நோயாளிகள் மருந்து சாப்பிடலாம் என்று சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். ஊசி பூசைக்குப் பிறகுதான் என்று நாங்கள் பேசி முடித்தாயிற்று. போன வாரம் அவருடைய வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி, தலை நிமிராமல், "சக்கரப் பொட்டலத்த இந்தத் தடவ என் சட்டப் பையிலயே வச்சிடு" என்றார்.

பக்கத்தில் இருந்தால் சௌகரியம் என்று சொன்னாரா? நான் வருவேன் என்ற நம்பிக்கை போய்விட்டதா? முகத்தைப் பார்த்தேன். ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்துவிடுகிறேன் என்றேன்.

நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. பார்க்காதவருக்கு ஏன் சொல்லி நோகடிக்க வேண்டும் என்று மறுநாள் தோன்றுகிறது. பார்த்திருந்து, நாலு வருஷம் வாயைத் திறக்காமல் என் கையில் தொடையை நீட்டிக்கொண்டிருக்கிறார் என்றால், அதை என்னால் நினைக்கவே முடியவில்லை. இதைப் படிப்பவர்களில் என்னைப்போல் வீட்டு மனிதருக்கு ஊசி போடுகிறவர்கள் இருப்பீர்கள். ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். இளையவள் பூமுடி வைத்துக்கொள்ளும் நாளுக்கு முன்னால் அவரிடம் நான் சொல்ல வேண்டுமா? எப்படி ஆரம்பிப்பது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.