வேண்டாங்கன்னு சொல்லிப்போட்ட நாளு

என்ற பேத்திக்கு நிச்சயம் ஆயிருக்குதுங்க. மாப்ள ஊடு மெட்ராஸ். மாப்ளையோட அம்மா கோயமுத்தூரச் சுத்திப் பாக்கோணும்னு வந்தாங்க. பேத்திக்கு லீவு கெடைக்கல, நாந்தான் கூட்டீட்டுப் போனேன். அப்படியொரு சந்தோசம் எனக்கு. எழுதப் படிக்கத் தெரியாட்டி என்னங்க, பேரூர்க் கோயில்ல ஒவ்வொரு தூணும் எனக்கு அத்துப்படி. கல்லுலயே சங்கிலி செஞ்சு தொங்கவுட்டிருக்கறதக் காட்டுனேன், அண்ணாந்து பாத்தபடியே நின்னுபோட்டாங்க.

வெளிய வந்து ஒரு மெஸ்ஸுல உக்காந்தோம். அவங்களுக்கு, இடியாப்பமாட்டம் எங்கூருல புழியற சந்தகையும் தேங்காப்பாலும் வந்துது. உங்களுக்கு என்ன சொல்லட்டும்னு கேட்டாங்க. ஒண்ணும் வேண்டாங்க, உண்டுபோட்டுத்தான் வந்தேன்னேன். பச்சத்தண்ணி கூட பல்லுல படாமக் கெளம்புனவ நானு. எங்க பக்கம் அப்படித்தானுங்க. மொதல்ல வேண்டாம்னு சொல்லோணும், அவிய ரெண்டு மூணு தடவ வற்புறுத்தோணும், அப்பறம் செரி கொஞ்சூண்டு வைங்கன்னு எலையில உக்காரோணும். ஒடனே வாங்குனா ஆலாப் பறக்கறாம்பாங்க.

அவங்க மறுக்காக் கேக்கவே இல்ல.

மத்தியானம் டவுன்ஹால் பக்கம் அரிசிம்பருப்புச் சோறு. நான் பூண்டு தட்டிப்போட்டுச் செய்யறாப்ல வராதுங்க, ஆனாலும் அந்த நெய் வாசம் மூக்கத் தொளச்சுது. இப்பவும் வேணாமா, விரதமான்னு கேட்டாங்க. பசிக்குதுங்கறதுக்குக் கூச்சப்பட்டுட்டு ஆமாங்கன்னு தலையாட்டிப்போட்டேன். ஒடனே மகனுக்கு போனப் போட்டு, பொண்ணோட பாட்டி நமக்காக விரதத்தோட அலையறாங்கன்னு பெருமையாச் சொல்றாங்க. பக்கத்துல உக்காந்து அதக் கேக்கறதுக்கு எனக்கு ஒடம்பே கூசுச்சு.

பொழுதோட ஒப்பணக்கார வீதியில சேலைக்கடைக்குள்ள போனாங்க. நான் காலு வலிக்குதுன்னு வெளியவே நின்னுக்கிட்டேன். எதுக்க தள்ளுவண்டியில காளான் மசாலா கொதிக்குது. ரெண்டாவது தட்டு தின்னுட்டிருக்கறப்ப பொறகால வந்து நிக்கறாங்க.

"விரதம் முடிஞ்சுதாம்மா?"

ஸ்பூனு வாயிலயே நின்னுபோச்சு.

"விரதமெல்லாம் இல்லீங்க. இன்னொருக்காக் கேப்பீங்கன்னுதான் இருந்தேன்." தல நிமுரல நானு.

அவங்க சிரிக்கல. "எங்களுக்கெல்லாம் வேணாம்னா வேணாம்தாம்மா. அப்ப நாளைக்கு உங்க பேத்தி எங்க வீட்ல வேணாம்னு சொன்னா, பசியோடவா படுத்துக்கும்?"

அவ அப்படியில்லீங்க, கேட்டு வாங்கி உண்பான்னு சத்தியம் பண்ணாத கொறையாச் சொன்னேன். அதுவும் பொய்யிங்க. சின்னதுல அடுத்தவிய ஊட்டுல முறுக்குக் குடுத்தாங்கன்னு மொதத் தடவையே கைய நீட்டுனதுக்கு, தொடையில கிள்ளி வளத்தவ நாந்தான்.

ஊட்டுக்கு வந்ததும் அவளக் கூப்புட்டு உக்கார வெச்சேன். "கண்ணு, அங்க போயிப் பசிச்சா பசிக்குதுன்னு சொல்லிப்போடு சாமி"ன்னேன்.

"அதெப்படி அம்மாயி, அசிங்கமா இருக்காதா?"ங்கறா.